‘பரவாயில்லை’ பிடிக்காத நாத்தனார்

என் நாத்தனாருக்கு வீட்டில் பெயர் ‘மைக்’. குளியலறையில் பேசினால் தெருமுனையில் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இப்போது யாராவது அவளை ஒரு வார்த்தை சொல்லட்டும், சும்மா விடமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டரோடு வேலை செய்யும் நர்ஸ் அவள். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அங்கே அவ்வளவு மெதுவாகப் பேசுவாள், நம்பவே மாட்டீர்கள். நோயாளி "பரவாயில்லை" என்றால் மட்டும் முகம் மாறிவிடும்.

"நம்ம ஆளுங்க உயிர் போற வலியிலயும் பரவாயில்லைன்னுதான் சொல்வாங்க அண்ணி. அதனால நான் கேக்கறதே இல்ல. காலை மடக்குங்க, இருமுங்கன்னு சொல்லிட்டு மூஞ்சியைப் பார்ப்பேன்."

நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். நாள் முழுக்க நின்றே வேலை. வலது முழங்கால் தேய்ந்து, பல வருடங்களுக்கு முன்பே மூட்டு மாற்றியாயிற்று. அப்போதெல்லாம் கத்தினால் ஓர் ஊசி போடுவார்கள். அது தீர்ந்தால் மறுபடி கத்த வேண்டும். வலிக்குப் பயந்து மடக்காமலே கிடந்ததில் அந்தக் கால் இன்றும் பாதிதான் மடங்கும். இப்போது இடது காலும் போயிற்று. இதுவும் விறைத்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஆபரேஷனே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நிஜமாகவே எனக்கு நிற்க அந்த ஒரு கால்தான் இருந்தது!

"இப்பல்லாம் அப்படி இல்ல அண்ணி. ஸ்கேன்ல நரம்பைப் பார்த்து, தொடையில ஒரு மெல்லிசான குழாய் வைப்பாங்க. மருந்து கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டே இருக்கும். நான் இருக்கேன்ல?" என்று கரைத்துவிட்டாள்.

ஆபரேஷன் அன்று சொர்க்கம். மறுநாள் காலையில் வலி கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் ஒரு கூட்டத்தோடு வந்தார், பின்னாலேயே நாத்தனார்.

"எப்படிம்மா இருக்கு?"

எங்கள் வீட்டுப் பெண் பார்க்கிற வேலை. நாலு பேர் முன்னால் அவள் பெயரைக் கெடுப்பேனா? "பரவாயில்லை டாக்டர்" என்று சிரித்தும் வைத்தேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவள் போகவில்லை.

"காலை மடக்குங்க."

"மடக்கறேன், நீ போ."

"அண்ணி! மடக்குங்க."

லேசாக அசைத்ததுமே ஐயோ என்று அலறிவிட்டேன். போர்வையை விலக்கிப் பார்த்தாள். பிளாஸ்திரி நனைந்திருந்தது. குழாய் நழுவி, மருந்தெல்லாம் தோலின் மேல் வழிந்துகொண்டிருந்தது.

"டாக்டர், குழாய் வெளிய வந்துடுச்சு. பிளாஸ்திரி போட்டது நான்தான், சரியா ஒட்டல" என்றாள், அத்தனை பேர் முன்னாலும். டாக்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஸ்கேன் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

"எதுக்குடி உன்னை நீயே காட்டிக்குடுத்தே?" என்று முணுமுணுத்தேன்.

"என் பேரு கெட்டா திரும்ப வாங்கிக்குவேன். உங்க கால் விறைச்சுட்டா எங்க போய் வாங்கறது? எனக்கு இருக்கறது ஒரே அண்ணி, தெரியுமா?" திட்டிக்கொண்டே என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

புதுக் குழாய் வைத்தார்கள். மதியத்துக்குள் வலி அடங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன். மெல்ல மடக்க மடக்க, பாதம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வலது கால் இத்தனை வருடத்தில் அங்கே போனதே இல்லை.

எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்க நாத்தனார் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரமாக எழுந்திருக்கவே இல்லை. குனிந்து பார்த்தால், என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.