பெயிண்ட் அடித்து அணைத்த விளக்கு

வண்டிக் கம்பெனியின் பெயிண்ட் அடிக்கும் ஷாப்பில் வேலை பார்ப்பவன் கையில் பழைய மோட்டார் சைக்கிள் கிடைத்தால் என்ன செய்வான்? இரண்டாயிரங்களின் நடுவில், மத்திகிரி வாடகை வீட்டு வாசலில் நானும் அதைத்தான் செய்தேன். பதினைந்து வருடம் முடிந்த வண்டி. ஆர்.சி. புதுப்பிக்க, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும். தேறாவிட்டால் ரோட்டில் ஓட்ட முடியாது. மொத்தமாகக் கழற்றி, போல்ட் ஓட்டையைக்கூட விடாமல் மூன்று கோட் அடித்து, ஞாயிறன்று மாட்டி முடித்தேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு உதைத்தேன். இன்ஜின் பாடியது. ஹெட்லைட் எரியவில்லை, பின்விளக்கும் எரியவில்லை.

அதில் பேட்டரி கிடையாது. இன்ஜின் சுற்றினால் காயிலில் வரும் கரண்டுதான் விளக்குக்கு. காயில் செத்தது என்று தீர்ப்பு எழுதினேன். அடுத்த நிமிடம் சுவிட்ச் மேல் சந்தேகம். புது பல்பு போட்டேன், அதுவும் எரியாமல் முறைத்தது. ஹெட்லைட்டுக்குள் கையை விட்டு ஒயர்களை உருவிப்போட்டேன். மணி ஒன்பதரை.

என் மனைவி, வண்டிகளுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் லைனில் நிற்பவள். அன்று இரண்டாம் ஷிப்ட். காபி டம்ளரோடு வந்து நின்றாள்.

“என்னாங்க, ஆபரேஷனா, போஸ்ட்மார்ட்டமா?”

“கிண்டல் பண்ணாத. காயில் போச்சு.”

“பல்புக்கு ஒத்த ஒயர்தான போவுது? கரண்டு திரும்பி வர்ற வழி எது?”

“வண்டி பாடிதான்.”

“அந்தப் பாடிய என்னா பண்ணீங்க?”

“மூணு கோட்டு...”

“பெயிண்டு வழியா கரண்டு போவுமா?”

சமையலறைக் கத்தியோடு திரும்பி வந்தாள். இன்ஜின் போல்ட்டடியில், ஹெட்லைட்டைத் தாங்கும் பட்டையில், பின்விளக்கு உட்காரும் இடத்தில், இரும்பு தெரியச் சுரண்டினாள். என் தோலையே உரிப்பதுபோல் நான் கத்த, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மாட்டி, உதைத்தேன். எரிந்தது! ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க வெளிச்சம் ஏறியது. பட்டப்பகலில் காம்பவுண்டுச் சுவரில் வெளிச்சம் அடித்துக் குதித்தேன்.

“போதும், பல்ப கொன்னுடாதீங்க. மணியாச்சு, கெளம்புங்க.”

ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் விளக்குகளைப் பார்த்தார், டேங்கைத் தடவினார். “யாருங்க அடிச்சது?” என் நெஞ்சு விம்மியது. குனிந்தார். “இங்க மட்டும் ஏன் சுரண்டியிருக்கு?”

“அது எங்க வீட்டுக்காரம்மா செஞ்ச ஒயரிங் சார்.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகும் அந்த வண்டிக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன். ஒவ்வொரு முறையும் முதல் வேலை, அந்த மூன்று இடத்திலும் டேப் ஒட்டுவது. ஒட்டியாகிவிட்டதா என்று அவள் வந்து பார்த்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பேன்.