அத்திக் கன்றுகளும் ஒரு வாடகை மாடியும்

தொட்டியில் அத்திக் கன்று வளர்த்து விற்கும் தொழிலில் எனக்குச் செடியோடு ஒரு தகராறும் கிடையாது, எல்லாம் மனிதர்களோடுதான். சேலையூரில் வாடகை வீடு. மொட்டை மாடியில், பழைய பெயிண்ட் வாளிகளில் அறுபது கன்றுகள். "தளத்துல ஒரு வேர் இறங்கினாலும் மொத்தத்தையும் காலி பண்ணிடணும்" என்று கறாராகச் சொல்லித்தான் வீட்டு ஓனர் மாடியைக் கொடுத்தார். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள் நான். மாடி போனால் பிழைப்பும் போச்சு. மாடியில் தொட்டி வைத்து அவதிப்படுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

பூ எங்கே?

பல்லாவரத்து அம்மா ஒருவர், வாங்கிய செடியை ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார். காய் வந்துவிட்டதாம், பூவே பூக்கவில்லையாம். நான் ஒரு காயைப் பிளந்து, அத்திக்குப் பூவெல்லாம் உள்ளேதான் இருக்கும் என்று காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"உள்ள இருந்தா சாமிக்கு எப்படி வைக்கறது? வெளிய பூக்கற மாதிரி ஒண்ணு குடுங்க மேடம்."

குளுகுளு அறை

பெரும்பாக்கத்திலிருந்து ஒரு ஐ.டி. தம்பி போன் செய்தார். இலையெல்லாம் கொட்டிவிட்டதாம். வெயிலில்தான் வைத்திருக்கிறீர்களா என்றேன். இல்லை, பெட்ரூமில், ஏ.சி.க்கு நேர் கீழே!

"நமக்கே இந்த வெயில் தாங்கலை, அது சின்னச் செடி, பாவம்க்கா."

ஆதாமுக்கு ஆடை

பக்கத்துத் தெரு ஸ்டெல்லா டீச்சர் என் நல்ல வாடிக்கையாளர். சர்ச்சில் சண்டே ஸ்கூல் நாடகம், கொஞ்சம் அத்தி இலை பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்று சொல்லிவிட்டு தொட்டிக்குப் போடத் தேங்காய் நார்த்தூள் வாங்கப் போனேன். திரும்பி வந்தால், மறுநாள் விற்பனைக்கு வைத்திருந்த பன்னிரண்டு கன்றும் வெறும் குச்சி. பை நிறைய இலையோடு நின்றிருந்தார் டீச்சர்.

"இந்த வருஷம் ஆதாம் கொஞ்சம் குண்டுக்கா, அதான் ரெண்டு இலை கூடப் போச்சு."

அடியில் பாருங்கள்

"மாசம் ஒரு தடவை வாளியைத் தூக்கி அடியில பாருங்க, ஓட்டை வழியா வேர் வந்தா வெட்டி விட்டுடுங்க" என்று வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் ஒப்பிப்பேன். மழைக்கு முன்னால் ஓனர் தளத்தைப் பார்வையிட வந்தபோது, அதே தெம்பில், "நீங்களே எதை வேணும்னாலும் தூக்கிப் பாருங்க சார்" என்றேன். அவர் நேராகப் போய்த் தாய்ச்செடியின் வாளியைப் பிடித்தார். புதுக் கன்றுக்கு நான் குச்சி வெட்டுவது அதிலிருந்துதான். பெரிய வாளி, வைத்த இடத்தை விட்டு நான் நகர்த்தியதே இல்லை.

வாளி வரவில்லை. நானும் ஒரு கை கொடுத்தேன். கடைசியில், தளத்தில் பதித்த ஓடு ஒன்றையும் பெயர்த்துக்கொண்டுதான் வந்தது. அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு வேர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓனர் கத்தவில்லை, கையைத் தட்டிக்கொண்டார்.

"செடி நல்லா வந்திருக்கும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி சொல்லிடுங்க."

என் புத்திமதியைக் கேட்காமல் செடியைக் கெடுத்தவர்கள் எத்தனையோ பேர், மாடியையே கெடுத்தவள் நான் ஒருத்திதான்.