தம்பி பெயரை மறைத்த முன்னோட்டம்

தொண்ணூறுகளில் ஆழ்வார்குறிச்சியில் இருந்தோம். சென்னையில் ஒரு டிவி தொடருக்கு என் தம்பி உடை தைத்தான். வாரா வாரம் முடிவில் தன் பெயரும் வரும் என்றான். அவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய பெரியவரிடம் அதைக் காட்ட வீட்டுக்கு அழைத்தேன். பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே வெட்டிவிட்டு, அடுத்த நாடகத்தின் முன்னோட்டத்தைப் போட்டார்கள்.

“பேரக் காணுமே! நெசமாவே வேலை பாக்கானா, வே?” என்றார். என் மனைவி, “அடுத்த வாரமும் வாங்க, அண்ணாச்சி” என்றாள்.

வந்தார். அன்றும் வெட்டினார்கள். மூன்றாம் வாரமும் முன்னோட்டம் குறுக்கே வந்ததும், “எங்க மாப்பிள்ள பேர மறைக்கானுவளே, வெளங்குவானுவளா!” என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார். மனைவி அவர் காப்பிக்குச் சீனி கூடுதலாகப் போட்டாள்.

இப்போது தியேட்டரில் எல்லாரும் எழுந்து போனாலும், கடைசிப் பெயர்வரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் எழுகிறேன்.