மௌலவியும் வெள்ளிக்கிழமையும்

என் கணவர் தன் ஆய்வேட்டைப் பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்தார். புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் கோடுகளும் கலந்த குப்பைதான் தெரிந்தது. அதை யூனிகோடு தமிழுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஆய்வேடு பிழைத்தது. அதன் பிறகு அவர் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. நிரல் சும்மா கிடக்கிறதே என்று இணையத்தில் போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று உரிமமும் சேர்த்தேன். அந்த வரியைச் சேர்க்கும்போது என்னைப் பற்றி எனக்கே மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

சில வருடங்கள் கழித்து, மன்னார்புரத்தில் அலுவலகம் முடிந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அச்சகம் வைத்திருக்கும் பாய் பேசினார். என் கணவரின் விசிட்டிங் கார்டு அடித்தவர் அவர். எண் அப்படிக் கிடைத்ததாம். மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, பெயரை மட்டும் மாற்றி இளையவளுக்கு அடித்துத் தரச் சொல்லும் குடும்பங்கள் அவரிடம் நிறைய. அந்தப் பழைய கோப்புகளை என் நிரலை வைத்துத்தான் மாற்றுகிறாராம். பெருமைப்பட எனக்கு அவகாசம் தரவில்லை.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா வர மாட்டேங்குதும்மா," என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு நிக்காஹ் பத்திரிகை. அதில் 'வௌ்ளிக்கிழமை' என்று இருந்தது. 'வெ'யும் 'ள'வும் ஒட்டிக்கொண்டு ஔகாரமாகி, புள்ளி தனியாக அந்தரத்தில் நின்றது. என் மடிக்கணினியில் அதே கோப்பை ஓட்டினேன். வெள்ளிக்கிழமை ஒழுங்காக வந்தது. இரண்டிலும் ஒரே பதிப்பு எண். உங்கள் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன். உங்களுக்குச் சரியாக வந்து எனக்கு என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்டார்.

பிறகுதான் புரிந்தது. பாயின் கணினியில் இருந்தது லினக்ஸ் இயங்குதளம். அங்கே நிரல்கள் எழுதியவரிடமிருந்து நேராக வருவதில்லை. நடுவில் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான நிரல்களைப் பொட்டலம் கட்டி ஒரே தொகுப்பாகக் கொடுக்கிறார்கள். என்னுடையதையும் யாரோ கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே என் நிரல் இருந்தது, கூடவே நான் எழுதாத பல திருத்தங்களும் இருந்தன. ஒன்றைப் பற்றிக்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமையைக் கெடுத்தது அதில் ஒன்று. இன்னொன்று இரண்டே வரி. பெரிய கோப்புகளில் நிரல் உறைந்துபோகும் கோளாறை நான் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதை அந்த இரண்டு வரி எப்போதோ தீர்த்து வைத்திருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பாகத் திருத்தியவரை மன்னித்துவிடலாம். சரியாகத் திருத்திவிட்டுச் சொல்லாமல் இருப்பவரை எப்படி மன்னிப்பது?

பொட்டலம் கட்டியவருக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கூட்டுறவு, நன்னெறி, சமூகம் எல்லாம் அதில் இருந்தன. புனைபெயர் ஒன்றில் வேலை செய்யும் அந்த ஆள் எங்கோ ஐரோப்பாவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கிறார் என்பது என் கற்பனை. பதில் மூன்று வரியில் வந்தது. உங்கள் உரிமத்தின்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன பிழையைப் பார்க்கிறேன். இன்று மாதாந்திர மின்தடை, ஆகவே நாளை.

மாதாந்திர மின்தடை உள்ள ஐரோப்பிய நகரம் எது என்று யோசித்தேன். நீங்கள் எந்த ஊர் என்று தமிழில் கேட்டேன். புத்தூருங்க என்று பதில் வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ் தூரம். அங்கே ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறாராம்.

ஆங்கிலத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்த சண்டை தமிழுக்கு வந்ததும் படுத்துவிட்டது. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுக்கொண்டு எவ்வளவு தூரம் திட்ட முடியும்?

நான் விஷயத்தைச் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் எங்கள் இருவரையும் அச்சகத்துக்கு வரச் சொன்னார். புத்தூர்க்காரர் முசிறிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். உட்கார்ந்த பிறகும் ஹெல்மெட்டை மடியிலேயே வைத்திருந்தார். பாய் டீ சொன்னார். நான் விஷயத்துக்கு வந்தேன்.

"திருத்தினது சந்தோஷங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"இருநூறு புரோகிராம் பாக்குறேங்க. பாதிப் பேர் பதிலே போட மாட்டாங்க. மீதிப் பேர் சண்டைக்கு வருவாங்க."

"நான்?"

"நீங்க பதில் போடுற ஆளுங்க," என்றார் ஹெல்மெட்டைப் பார்த்தபடி.

பாய்க்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. தன் பத்திரிகைக்கு இப்போது யார் பொறுப்பு என்று கேட்டார். நான் அவரைக் காட்டினேன், அவர் என்னைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமையைக் கெடுத்த திருத்தத்தை ஏன் செய்தார் என்று கேட்டதற்கு, 'மௌலவி' என்ற சொல்லில் 'ள' தனி எழுத்தாகப் பிரிந்து 'மெளலவி' என்று வருவதாக சவூதியிலிருந்து யாரோ புகார் போட்டதால் என்றார். பாய் டீயைக் கீழே வைத்தார். புகார் போட்டது அவருடைய மருமகன். பத்திரிகையைப் பார்த்த மௌலவி ஒருவர் எழுத்துப்பிழை என்று சொல்லிவிட, மாமனாருக்கு உதவியாக மருமகன் ரியாத்திலிருந்து அனுப்பியது. ஆக, என் நிரலில் வெள்ளிக்கிழமை சரி, மௌலவி தப்பு. அவருடையதில் மௌலவி சரி, வெள்ளிக்கிழமை தப்பு. நிக்காஹ் பத்திரிகைக்கு இரண்டும் வேண்டும்.

"முன்னாடி மௌலவிய கையால திருத்திக்கிட்டு இருந்தேன். இப்ப வெள்ளிக்கிழமைய திருத்துறேன்," என்றார் பாய். "ரெண்டு பேரும் ரொம்ப உதவி பண்ணியிருக்கீங்க."

அவர் கிண்டலாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நாங்கள் அவருடைய கணினி முன்னாலேயே உட்கார்ந்தோம். 'ள'வுக்கு அடுத்து புள்ளியோ கொம்போ கொக்கியோ வந்தால் அதைத் தொடாதே, இல்லாவிட்டால் ஔகாரமாக்கு என்று புத்தூர்க்காரர் சொன்னார். நான் எழுதினேன். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை இரண்டு சொற்களும் ஒரே பத்திரிகையில் சரியாக வந்தன. பாய் தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். இதை யார் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றும் கேட்டார். இந்த முறை இருவரும் ஒரே நேரத்தில் 'நான்' என்றோம்.

கிளம்பும்போது, இனி எந்தத் திருத்தமானாலும் எனக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கினேன். அவர் வாக்குத் தவறாதவர். மறுநாளே ஆரம்பித்தது. உதவிக் குறிப்பில் ஒரு கமா. கோப்புறையின் பெயரில் ஒரு பெரிய எழுத்து. இப்போது யாரிடமும் இல்லாத ஒரு கணினி வகைக்காக ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் காரணம் விளக்கும் ஒரு பத்தி. அலுவலகத்தில், பஸ்ஸில், குழம்பு கொதிக்கும்போது எல்லாம் போன் சிணுங்கியது. ஒன்றுக்குப் பதில் எழுதுவதற்குள் நான்கு வந்தன. என் கணவர், புத்தூரில் உனக்கு அப்படி என்ன அவசர வேலை என்று கேட்க ஆரம்பித்தார்.

தாக்குப்பிடிக்க முடியாமல் ஒருநாள் நானே அழைத்தேன். சின்னச் சின்னத் திருத்தங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் எனக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை என்றேன். "சரிங்க," என்றார். அந்த 'ங்க'வில் மரியாதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

இப்போது எழுத்தையே கெடுக்கும் கோளாறு வந்தால் மட்டும் அனுப்புகிறார். மற்றது அவருடைய பொட்டலத்துக்குள் இருக்கிறது. என்னென்ன என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

போன மாதம் பாய் மறுபடியும் போன் செய்தார். இம்முறை 'ஸ்ரீ' இரண்டாக உடைகிறதாம். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் எனக்கு அது தன்மானப் பிரச்சினைதான். இருந்தாலும் முதலில் புத்தூரில் கேட்டீர்களா என்று விசாரித்தேன்.

"கேட்டேம்மா. அவருதான் உங்ககிட்ட கேட்கச் சொன்னாரு," என்றார்.