சாம்ப பட்டர் பேர் கூப்பிட்ட விதம்

கோகர்ணத்திலிருந்து யாத்ரீகர்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் நான் டிரைவர், சாம்ப பட்டர் கண்டக்டர். பதினோரு வருஷமாக ஒரே வண்டி. எட்டு வயதில் வேத பாடசாலையில் சேர்ந்து, இருபதில் படிப்பை முடித்துக்கொண்டு வந்த மனிதர். தட்சணைக்காக வாசல் வாசலாக நிற்பது தன்னால் ஆகாது என்று தோளில் டிக்கெட் பையை மாட்டிக்கொண்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்?

"பன்னெண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தினீங்களே பட்டரே, அதை வச்சு ஒரு டயர் மாத்த முடியுமா?" என்பேன்.

"முடியாது நாயகரே. அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கு" என்பார்.

பயணிகளின் பேர் எழுதிய காகிதம் அவரிடம் இருக்காது. பாடசாலையில் ஏட்டைப் பார்த்துப் படிக்க விடமாட்டார்களாம், எல்லாம் காதால் வாங்க வேண்டும். வாங்கியதை ஒரு சொல், அடுத்த சொல் என்று சேர்த்துச் சொல்லி, அதையே திருப்பிச் சொல்லி, மறுபடி நேராகச் சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இடம் மாறினாலும் அங்கேயே நாக்கு இடறிவிடும். அதே பழக்கத்தில்தான் பயணிகளின் பேரையும் ஜோடி ஜோடியாக முன்னும் பின்னும் கூப்பிடுவார். முழுசாகப் பத்து நிமிஷம் பிடிக்கும். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

முதலாளிக்கும் ஏறியது. "தலையை எண்ணு, கிளம்பு. இனிமே பஸ்ஸுல மந்திரம் ஓதினேன்னு கேள்விப்பட்டேன், அன்னியோட வேலை போச்சு" என்று என் கண்முன்னால் சொன்னார். பட்டரின் மகள் காலேஜில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரமே காட்டுக்குள் இருக்கும் யாணா பாறைக்குப் போனோம். ஆடி மாத மழை. வழியெல்லாம் முன்சீட்டு ரத்னாகர் பிரபு பட்டரைப் பிடுங்கி எடுத்தார்.

"வேதத்துல விமானம் இருக்காமே, பட்டரே?"

"நான் படிச்ச பாடத்துல வரலீங்க."

"அணுகுண்டு?"

"அதுவும் வரல. நெய் வந்தது, மழை வந்தது, மாடு நிறைய வந்தது."

பஸ்ஸே சிரித்தது. பிரபுவுக்கு முகம் சுண்டிவிட்டது.

சாயங்காலம் காட்டு கேட் மூட இன்னும் இருபது நிமிஷம். எல்லோரும் நனைந்து வந்து ஏறினார்கள். பட்டர் எண்ணினார், முப்பத்தொன்று. சரியாக இருந்தது. நான் இன்ஜினைப் போட்டேன்.

"நாயகரே, ஒரு நிமிஷம்."

"என்ன பட்டரே? எண்ணியாச்சில்ல? வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும்தான்" என்றார். ஆனால் சீட்டுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். வாயும் திறந்துவிட்டது.

பிரபுவுக்குப் பின்சீட்டில் மதுராபாய் தனியாக உட்கார்ந்து வந்திருந்தார். கூட வந்தவர் யாருமில்லை. இப்போது அந்தச் சீட்டில் அவருடைய பச்சைச் சால்வை தலைவரை மூடிக் கிடந்தது, உள்ளே தூக்கம்.

"ரத்னாகர், மதுராபாய்."

"இருக்கேன்!" என்று பிரபு கத்தினார். சால்வைக்குள்ளிருந்து "ம்" வந்தது.

"மதுராபாய், ரத்னாகர்."

இப்போது மதுராபாய் என்றதற்குச் சத்தமே இல்லை. பிரபு "இருக்கேன்!" என்று கத்திய பிறகுதான் "ம்" வந்தது.

பட்டர் ஒரே எட்டில் போய்ச் சால்வையை விலக்கினார். மீசைக்காரர் ஒருவர் திருதிருவென்று விழித்தார். பக்கத்தில் நின்ற அதே நிற பஸ்ஸின் ஆள். வண்டி மாறி ஏறி, கிடந்த சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். பிரபு கத்தும்போதெல்லாம் தூக்கம் கலைந்து முனகியிருக்கிறார், அவ்வளவுதான். நான் கிளம்பியிருப்பேனே, பாவி.

பட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைக்குப் போகும் படிகளில் ஓடினார். கேட் காவலாளி என்னைத் திட்டினான், நான் அவனைத் திட்டினேன். அதற்குள் முதலாளியின் போன்.

"எங்கடா இருக்கீங்க? அந்த ஆள் மறுபடி ஓத ஆரம்பிச்சுட்டானா?"

"ஓதினார். ஓதினதாலதான் ஒரு அம்மா காட்டுல விட்டுப்போனது தெரிஞ்சது. அவரை நிறுத்துறதா இருந்தா என்னையும் சேர்த்து நிறுத்துங்க, சாவியை நாளைக்கே தர்றேன்."

முதலாளி போனை வைத்துவிட்டார்.

முக்கால் மணி கழித்துப் பட்டர் மதுராபாயைக் கைத்தாங்கலாக இறக்கிவந்தார். ஓடைப் பக்கம் வழுக்கிக் கணுக்கால் பிசகியிருக்கிறது. தண்ணீர் இரைச்சலில் கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை.

"நான் இல்லைன்னு யார் பார்த்தது?" என்று அந்த அம்மா கேட்டார்.

பிரபு எழுந்து நின்று, "நம்ம முன்னோருக்குத் தெரியாதது எதுவுமே இல்லைம்மா!" என்று ஆரம்பித்தார்.

"பிரபு, உட்காருங்க. இன்னும் பேர் கூப்பிட்டு முடிக்கல" என்றார் பட்டர்.

முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் இன்ஜினை அணைத்துவிட்டேன். இந்தத் தடவை பிரபுவோடு அந்த அம்மாவும் சேர்ந்து பதில் சொன்னார்.

"ரத்னாகர், மதுராபாய்."

"இருக்கேன்."

"மதுராபாய், ரத்னாகர்."

"இருக்கேன்."

"ரத்னாகர், மதுராபாய்."

மூன்றாவது முறை அந்த அம்மா பதிலுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். பட்டர் அதை ஒப்புக்கொள்ளாமல், அவர் வாயால் சொல்லும்வரை அங்கேயே நின்றார்.