செருப்பைத் தேடியவனுக்கு ஒரு சுவிஸ் வாட்ச்

நான் ஓயாமல் உழைப்பவன் என்று உலகத்தில் ஒரே ஒருவர் நம்பினார். அவர் சுவிட்சர்லாந்துக்காரர்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும். எங்களிடம் ஷூ வாங்குகிற அந்த வெள்ளைக்காரர் சரக்கு பார்க்க வந்த நாளில், மேசைக்கடியில் கழற்றி விட்டிருந்த என் செருப்பில் ஒன்றைக் காணோம். ஷூ கம்பெனியில் செருப்பில்லாமல் நிற்பது, ஓட்டலில் வேலை பார்க்கிறவன் பசியில் மயங்கி விழுவது மாதிரி. கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொரு பிரிவாக ஓடி, குனிந்து குனிந்து தேடினேன். அவர் போன இடமெல்லாம் அவருக்கு முன்னே நான் எதையோ தீவிரமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை வந்தபோது எல்லார் முன்னாலும் என் கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டார். "இங்கே ஓயாத மனிதருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளிக்கு அதுவரை இந்தச் செய்தி தெரியாது.

"மூணு மாசத்துல மறுபடி வர்றாரு. அப்ப உங்கள மேனேஜர்னு அறிமுகப்படுத்தறேன்" என்றார் முதலாளி.

வாட்ச் நான்காம் நாள் நின்றுவிட்டது.

கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாயிடம் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தவர், மேசை விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"இன்னா சார் இது... யாரும் பாக்காத எடத்துல கோலம் போட்டு வெச்சிருக்கான்!"

லென்ஸை எனக்குக் கொடுத்தார். ஒவ்வொரு தகட்டின் மேலும் அலையலையாகக் கோடுகள். திருகாணித் தலைகள் கண்ணாடியாய் மின்னின. உராய்வு தெரியாமல் சக்கரங்கள் சுழல இருபத்தைந்து சிவப்புக் கற்கள். வாங்குகிறவர் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் பாலிஷ் போடுகிற தொழிலில் இருந்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"இதுக்கு பேட்டரி கிடையாது சார். பாதி நிலா மாதிரி ஒரு தகடு ஆடுது பாருங்க. கை அசைஞ்சா அது சுத்தும், அது சுத்துனா ஸ்பிரிங்குக்குச் சாவி ஏறும்."

"சரி பாய், அப்ப ரிப்பேர் எங்க?"

"வாட்ச்ல ஒண்ணும் இல்ல சார். கையிலதான்."

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி வேலூரில் நர்ஸ். அசையாத உடம்புகளைப் பற்றி அவளுக்கு அனுபவம் ஜாஸ்தி. "இத்தன வருசமா நான் சொன்னத ஒரு மெஷின் சொல்லுது. அந்த இருபத்தஞ்சு கல்லுல ரெண்ட எனக்குத் தோடா பண்ணிக் குடுங்க. நான் காத ஆட்டி ஓட்டிக்கிறேன்."

தையல் பிரிவில் ஒரு அக்கா வழி சொன்னார். "என் மெஷினுக்கடியில மாட்டுங்க சார். அது ஆடற ஆட்டத்துக்குச் செத்தவனே எழுந்து ஓடுவான்." தினமும் மோட்டார் பக்கத்தில் தொங்கவிட்டு, சாயங்காலம் கையில் கட்டிக்கொண்டேன். ஓடியது. ரொம்பவே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நான்தான் முதல் ஆள். வாட்ச்மேன் கேட்டுக்குப் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாட்ச் முக்கால் மணி நேரம் முந்தியிருந்தது.

மறுபடி பாய். இந்த முறை அவர் வாட்ச்சைத் திறக்கக்கூட இல்லை. தொழுகைக்குத் திசை பார்க்க வைத்திருந்த சின்ன காம்பஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முள் மேற்கும் வடக்கும் மறந்து என் வாட்ச் பக்கம் திரும்பியது.

"சார், எங்க வெச்சீங்க இத?"

சொன்னேன்.

"மோட்டார்கிட்டயா! காந்தம் ஏறிப்போச்சு சார். உள்ள முடி மாதிரி ஒரு சுருள் இருக்கு. அதோட சுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு நீளம் கம்மியாயிடுச்சு. அதான் பேஜார் புடிச்ச மாதிரி ஓடுது." கம்பி சுற்றிய ஒரு பெட்டிக்குள் வாட்ச்சை விட்டு மெதுவாக வெளியே எடுத்தார். காம்பஸ் முள் இப்போது அசையவில்லை. "இனிமே கைய ஒதறுங்க சார். காலைல அம்பது, சாயங்காலம் அம்பது. வேற வைத்தியம் இல்ல."

உதறினேன். மூன்று மாதத்துக்குள் அது பழக்கமாகி, யாராவது மணி கேட்டால் முதலில் கை உதறும், பிறகுதான் கண் பார்க்கும்.

வெள்ளைக்காரர் வந்தார். தையல் பிரிவின் நடுவில் முதலாளி என் தோளில் கை வைத்து, "எங்கள் புதிய மேனேஜர்" என்றார். வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே, "மணி என்ன?" என்றார். என் கை உதறியது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. தன் கையிலிருந்த அதே மாதிரி வாட்ச்சைப் பார்த்தார், காதில் வைத்தார், சத்தமில்லாமல் அவரும் உதறினார். நிமிர்ந்தபோது என் கை இன்னும் உதறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்; எங்கள் கண்கள் சந்தித்தன. அவரும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர் என்பது எனக்குப் புரிந்தது. என்னைப் பற்றி அவருக்கும்.

இருவரையும் மாறி மாறிப் பார்த்த முதலாளி, அது அவர்கள் ஊர் மரியாதை போலும் என்று தன் கையையும் பணிவாக உதறினார்.

மெஷினை நிறுத்திவிட்டு அந்த அக்கா பக்கத்து மெஷின்காரியிடம் கேட்டது எனக்குக் கேட்டது:

"இன்னாடி, மூணு பேரும் கைய ஒதறினு நிக்கிறாங்க. கரண்டு கிரண்டு அடிச்சிடுச்சா?"