வீரம்மா வீடு நடந்த கதை

மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரத்தில் பால் விற்ற வீரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கென்று மிஞ்சியது ஒரு பசுவும், அவன் கையால் கட்டிய, மரக்கால்கள் மேல் நின்ற அத்தாப்பு ஓலைக் கூரை வீடும்தான்.

பக்கத்து வரிசையில் பேண்டு வாத்தியக்காரர்கள் குடியிருந்தார்கள். மணிலாவிலிருந்து வந்த பிலிப்பினோக்கள். துரைமார் விருந்திலும் ஊதுவார்கள், பெரிய மனிதர் சாவிலும் ஊதுவார்கள். அவர்களில் கார்னெட் குழல் ஊதும் பஸீலியோ தினமும் அவளிடம் பால் வாங்குவார். மாட்டிறைச்சி தின்கிறவர் பாத்திரமாயிற்றே! தன் செம்பு அவர் கிண்ணத்தில் பட்டுவிடாமல் ஒரு முழ உயரத்திலிருந்துதான் வீரம்மா ஊற்றுவாள். அவருக்கு அது தெரியாமலில்லை. சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில், தண்டவாளம் போட இடம் வேண்டும், திங்கட்கிழமைக்குள் வீட்டை எடு என்று உத்தரவு வந்தது. மேட்டில் மாற்று இடம் கொடுத்தார்கள். ஆனால் வீட்டைத் தட்டிப் பார்த்த ஆசாரி கைவிரித்துவிட்டார்.

"பலகையெல்லாம் பழசு. ஆணியைப் புடுங்கினா பொளந்துடும். நிக்கிறவரைக்கும்தான் இது வீடு."

வீரம்மா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாலுக்கு வந்த பஸீலியோ என்னவென்று கேட்டார். இருவருக்கும் பொதுவான அரைகுறை மலாயில் சொன்னாள். அவர் வீட்டைச் சுற்றி வந்தார், ஒரு மூலையைத் தோளால் முட்டிப் பார்த்தார், பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்ததும் பேண்டுக்காரர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள். தோளில் நீள நீள மூங்கில். முன்னால் ஒருவர் மேளம் தட்டிக்கொண்டு வந்தார். வீரம்மாவுக்கு வேறென்ன தோன்றும்?

"ஐயையோ, யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல அக்கா. உங்க வீட்டைத் தூக்கப் போறோம் லா," என்றார் பஸீலியோ.

வீட்டுக்கு அடியில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொடுத்துக் கட்டினார்கள். தூக்கப் போகும் நேரத்தில் வீரம்மா வழிமறித்தாள். புது இடத்துக்குப் பசு முன்னால் போகாமல் வீடு போகக்கூடாது என்றாள். தலை போகிற அவசரத்திலும் அவளுக்கு முறை முறைதான். பஸீலியோ தொப்பியைக் கழற்றிப் பசுவுக்கு வழி விட்டார். முன்னால் பசு, பின்னால் மாட்டிறைச்சி தின்கிற இருபது பேர், அவர்கள் தோளில் வீடு. பசுவுக்கு என்ன அவசரம்? வழியில் நின்று புல் மேய்ந்தது. வீடும் கூடவே நின்றது. சுமந்தவர்கள் முனகினார்களே தவிர ஒருவரும் அதை அதட்டவில்லை.

மேட்டில் இறக்கி வைத்தபோது ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை. கூலி எவ்வளவு என்று வீரம்மா கேட்டாள். பஸீலியோ முகம் சுளித்தார்.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு பாயனிஹான். வீடு மாத்துறவங்களுக்கு ஊரே தோள் குடுக்கும். கூலி கிடையாது, சோறு மட்டும்தான்."

சோறாக்கிப் போட்டாள், தன் சொந்தத் தட்டுகளிலேயே. சாப்பிட்டுக்கொண்டே அவர் பேசினார்.

"எங்க வார்த்தை இங்கிலீஷுக்கும் போயிருச்சு அக்கா. எங்க மலையில வழி தெரியாம அலைஞ்ச அமெரிக்கப் பட்டாளத்தான் 'பூண்டோக்'கை எடுத்துக்கிட்டான். மலைக்கு நாங்க வச்ச பேரு அது. அவனுக்கு இப்ப எந்தப் பட்டிக்காடும் பூண்டோக்தான். துரைசாணி பூசுற சென்டு இருக்குல்ல, இலாங் இலாங், அதுவும் எங்க பூவோட பேருதான்."

"இந்தப் பாயனிஹானை எடுத்துக்கலையா?"

"இன்னும் இல்ல. பூவைப் புட்டியில அடைச்சிடலாம். இதுக்குத் தோள் வேணும்."

மறுநாள் காலை பால் ஊற்றும்போது செம்பு கிண்ணத்தில் இடித்தது. வீரம்மா கையை உயர்த்தவில்லை. இந்த மனிதர்களையா ஒரு முழம் தள்ளி வைத்திருந்தேன் என்று தன்னையே கடிந்துகொண்டாள். அன்றுமுதல் சாமி விளக்கேற்றும்போதெல்லாம் பஸீலியோ பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கும்பிட்டாள்.

சில வருஷம் கழித்துப் பெரிய வெள்ளம் வந்தது. பஸீலியோ அதற்குள் மணிலா திரும்பிவிட்டார். தண்டவாளத்துக்குத் தப்பி ஆற்றோரத்திலேயே தங்கிவிட்ட அய்யாவு என்பவனின் வீட்டு வாசல்வரை தண்ணீர் ஏறிவிட்டது. மேட்டில் நின்ற சனமெல்லாம் பாவம் பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. வீரம்மா ஒரு மூங்கிலை இழுத்துக்கொண்டு இறங்கினாள். இந்தத் தடவை பசுவை முன்னால் விடவில்லை. தானே முன்னால் நின்றாள்.

"பாயனிஹான். எல்லாரும் வாங்க," என்று கத்தினாள்.

"அது எந்த ஊரு பாஷைக்கா?" என்றான் அய்யாவு, கழுத்தில் துணிமூட்டையோடு.

"நம்ம பாஷைதான். தோளைக் குடு."